உக்காத கயிறும் ஊக்கும் உலோகமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மேசைமீது ஒரு நீர்ப் பாத்திரமும் இரண்டு சிறு பொருள்களும் இருப்பதைக் காண்கிறீர்கள். ஒன்று பச்சை நிறக் கயிற்றுத் துண்டு. மற்றது தங்கூசி வலையின் கிழிசல். கல்லடிப் பாலத்துக்கு அணித்தாக வாவிக்கரைச் சேற்றில் நாம் பொறுக்கியவை இவை. அப்பொழுது அங்கே தோணியருகில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மில் ஒருவரை நோக்கி, "நூல் வலை கொஞ்சக் காலத்துல உக்கிப் போகும். இது நான் செத்தாலும் கிடக்கும். உங்கட படிப்புத்தானே மனே இதச் செஞ்சது? உக்குறதுக்கும் ஒரு வழி படிக்கல்லியா?" என்று கேட்டார். நாம் மறுமொழியின்றித் திரும்பினோம். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதையே இன்று உங்கள் முன் சொல்ல எண்ணுகிறோம்.

இரசாயனத்தைத் தமிழில் பேசக் கூசவேண்டியதில்லை. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், காரைதீவிலே பிறந்து விஞ்ஞான ஆசிரியராய் விளங்கிய விபுலாநந்த அடிகள் அன்றோ?

நாம் பயின்ற மிஷன் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் ஐதரசன் பேரொட்சைட்டு நிறைந்த குழாயில் மங்கனீசீரொட்சைட்டுத் தூளைச் சிறிது இடுவோம். அமைதியாக இருந்த திரவம் நுரைத்துப் பொங்கும். ஒட்சிசன் வெளியேறும். முடிவில் அக்கருந்தூள் இட்ட அளவிலேயே எஞ்சியிருக்கும். தான் செலவழியாது பிறவற்றின் தாக்கத்தை விரைவுபடுத்தும் இத்தகைய பொருளே ஊக்கி. மங்கனீசு, இரும்பு, நிக்கல், தைத்தேனியம் முதலிய தாண்டல் மூலகங்கள் இத்தொழிலில் வல்லவை. அவற்றின் அணு நடுவிலிருக்க, வேறு அணுக்களும் மூலக்கூறுகளும் அதைச் சூழ்ந்து பற்றிக்கொள்ளும். இவ்வமைப்பைச் சிக்கற் சேர்வை என்பர். பற்றியதை விடவும் புதியதைப் பற்றவும் அவ்வுலோகத்தால் முடியும். வல்லமையின் இரகசியம் அதுவே.

எதிலீன் என்னும் வாயுவின் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்தால் வருவது பொலித்தீன். 1933இல் இங்கிலாந்திலே ஐ.சி.ஐ. கம்பனியின் விஞ்ஞானிகள் இதை முதலில் கண்டபோது, வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் வேண்டியிருந்தது. அப்படிச் செய்த சங்கிலிகளோ முட்செடிபோல் கிளைவிட்டவை. முட்செடிகளை நெருக்கிக் கட்ட முடியுமா? ஆகவே அப்பொருள் மென்மையாய் இருந்தது. பைக்கு உதவிற்று, உறுதியான கயிற்றுக்கு உதவவில்லை.

மாற்றம் வந்தது ஒரு பிழையால். ஜேர்மனியில் மூல்கைம் நகரிலே கார்ல் சீக்ளர் என்பவரின் கூடத்தில் அலுமினியச் சேர்வையொன்றைக் கொண்டு எதிலீனைக் கோத்துக்கொண்டிருந்தனர். ஒருமுறை சங்கிலி வளரவேயில்லை. இரண்டு எதிலீன் சேர்ந்தவுடன் நின்றுவிட்டது. தேடிப்பார்த்தபோது பாத்திரத்தில் ஒட்டியிருந்த நிக்கற் சுவடே காரணம் எனத் தெரிந்தது. பாத்திரத்தைக் கழுவிவிட்டு மறந்திருப்பார் பலர். சீக்ளரின் கூட்டத்தாரோ, ஓர் உலோகம் நிறுத்துமாயின் இன்னொன்று வளர்க்குமோ என்று ஒவ்வோர் உலோகமாகச் சோதித்தனர். 1953இல் தைத்தேனியம் குளோரைட்டை அலுமினியச் சேர்வையுடன் கலந்தபோது, சாதாரண அமுக்கத்திலேயே பொலித்தீன் திரண்டது! நாம் இக்கதையை விரும்புவதற்குக் காரணம், அங்கே கெட்டுப்போன ஒரு பரிசோதனை மதிக்கப்பட்டது என்பதே.

தைத்தேனியம் செய்வது என்ன? அதன் ஒரு பக்கத்தில் வளரும் சங்கிலி பற்றியிருக்கிறது. பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாயிருக்கிறது. எதிலீன் அவ்வெற்றிடத்தில் வந்தமர்கிறது. பின்பு உலோகத்துக்கும் சங்கிலிக்கும் இடையே புகுந்துவிடுகிறது. மறுபடி வெற்றிடம், மறுபடி எதிலீன். தலைமயிர் நுனியில் வளர்வதில்லை, வேரிலே வளர்கிறது, இச்சங்கிலியும் அப்படியே. ஆதலால் இதில் கிளை மிக அருமை. ஈர்க்குக் கட்டுப்போல் சங்கிலிகள் நெருங்கிக் கிடக்கும். வாளியும் கயிறும் பெறும் உறுதி அங்கிருந்து வருகிறது. மிலான் நகரின் ஜூலியோ நத்தா 1954இல் புரொப்பிலீனையும் இவ்வாறு கோத்தார். அதன் பக்கக் கைகள் யாவும் ஒரே முறையில் அடுக்கப்பட்டிருந்தன. 1963இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

எமது பச்சைக் கயிறு பொலித்தீன், அல்லது அதன் தம்பியான பொலிப்புரொப்பிலீன். இரண்டும் நீரிலும் இலேசானவை. தங்கூசியோ நைலோன், அது வேறு குடும்பம், நீரிலும் பாரமானது. 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி தங்கூசி வலையைத் தடைசெய்தும் அது கரையிற் கிடக்கக் கண்டோம் என்பதை இங்கு சொல்லாது விடுவது சரியன்று.

இனி முதியவரின் கேள்வி. பருத்தி நூலும் ஒரு பல்பகுதியமே. ஆனால் அது செடி கோத்தது. அதை அறுக்கும் நொதியங்கள் மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்களிடம் உண்டு. ஆகவேதான் முன்னோர் வலையை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துக் காத்தனர். பொலித்தீனோ காபனோடு காபன் பிணைந்த நீண்ட வரிசை. நுண்ணுயிருக்குப் பற்றிக்கொள்ள அதில் இடமில்லை எனலாம். வெயில் பட்டால் நொறுங்கும், உக்காது. துகளாகி மீனின் வயிற்றிலும் போகும். 2021இல் கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது கரையெங்கும் குவிந்த வெண்மணிகளை மறந்திருக்கமாட்டீர்கள். அவற்றிலும் பொலித்தீன் மணிகள் இருந்தன.

உறுதி வேண்டித் தேடிய குணமே இன்று சுமையாயிற்று. மலிவான, பாரமற்ற கயிற்றை வாங்கிய மீனவரைக் குறைகூற நாம் உடன்படோம். செய்தவர்கள் அறுக்கும் வழியை அன்றே தேடியிருக்க வேண்டும் என்பது எம் கருத்து.

அவ்வழி இப்பொழுது தேடப்படுகிறது. கருவியும் தாண்டல் மூலகங்களே. 2022இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில், பொலித்தீன் சங்கிலியிலிருந்து இரிடியம் அல்லது பிளாற்றினம் ஊக்கியால் சிறிது ஐதரசனை நீக்கி இரட்டைப் பிணைப்பை உண்டாக்கினர். பின் ருதேனியம், பலேடியம் ஊக்கிகளும் எதிலீனும் சேர்ந்து அச்சங்கிலியைச் சிறிது சிறிதாக வெட்டிப் புரொப்பிலீனாக்கின. இவை விலையுயர்ந்த உலோகங்கள். சேறும் உப்பும் ஏறிய எமது கயிற்றை அப்படியே ஏற்கும் கருவி இதுவன்று. ஆயினும் "ஒரு வழி படிக்கல்லியா" என்ற கேள்விக்கு, "படித்துக்கொண்டிருக்கிறார்கள் ஐயா, எங்களில் சிலரும் அதைப் படிக்கப் போகிறோம்" என்று இப்போது சொல்லலாம். அடுத்த வாரம் கல்லடிக்குப் போய்ச் சொல்லவே இருக்கிறோம்.

விரும்பியோர் மேசைக்கு வந்து இரண்டு துண்டுகளையும் பாத்திரத்தில் அமிழ்த்திக் கையை விட்டுப் பாருங்கள். கயிறு மேலே வரும். தங்கூசி அடியிற் கிடக்கும்.