கூலி மட்டும் காணாமற்போன கடைகள்

கடைகளில் இயந்திரம் புகுவதைக் கேள்வி கேட்போரையெல்லாம் முன்னேற்றத்தின் பகைவர்கள் என்று பெருவணிக நிறுவனங்கள் பழிப்பது, உண்மையான கேள்வியை மறைப்பதற்கேயாகும். வேலையை இயந்திரம் செய்கிறதா, அல்லது கூலி பெற்றவரின் கையிலிருந்து கூலி பெறாதவரின் கைக்கு அது தள்ளிவிடப்படுகிறதா என்பதே அக்கேள்வி.

1916 இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி மளிகைக் கடையில், அதுவரை கடைப் பணியாளர் எடுத்துக் கொடுத்துவந்த பொருள்களை வாடிக்கையாளரே கூடையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதனால் விலை குறைந்தது, தாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதியும் கிடைத்தது. இதை மறுக்க வேண்டியதில்லை. 1974 இல் ஒஹாயோவின் டிராய் நகரில், உறைமேல் அச்சிட்ட கோடுகளை ஒளியால் படித்து விலையறியும் பார்கோடு புழக்கத்துக்கு வந்தபோதும் கல்லாவில் ஒரு மனிதர் இருந்தார். வாடிக்கையாளரே பார்கோட்டைக் காட்டி, பணம் செலுத்தி, பையிலும் இட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்-அவுட் முறை அவரையும் எழுப்பி அனுப்பியது. எஞ்சிய ஒற்றை ஊழியர், தடங்கி நிற்கும் இயந்திரங்களுக்கிடையே ஓடி, பழுது பார்ப்பவராகவும் திருட்டைக் கண்காணிப்பவராகவும் வசவு வாங்குபவராகவும் ஒரே சம்பளத்தில் நிற்கிறார். வாடிக்கையாளர் செய்த வேலைக்கோ எந்த ரசீதிலும் தள்ளுபடி இல்லை.

2018 இல் சியாட்டிலில் அமேசான் திறந்த காசாளரில்லாக் கடையின் கதை இன்னும் விசித்திரமானது. எடுத்த பொருளைக் கேமராக்களும் உணர்கருவிகளும் கணக்கிட்டுக்கொள்ளும், வாடிக்கையாளர் நேராக வெளியேறலாம் என்பதே அதன் விளம்பரம். ஆனால் இத்தொழில்நுட்பத்தின் பின்னால் இந்தியாவில் ஆயிரம் பேர் வரை காணொளிகளைப் பார்த்துச் சரிபார்த்ததாக 2024 இல் செய்தி பரவியது. நிறுவனம் அச்சித்திரிப்பை மறுத்தபோதிலும், கொள்முதல்களில் ஒரு சிறு பங்கை மனிதர்கள் சரிபார்த்ததை ஒப்புக்கொண்டது. அப்படியானால், வாடிக்கையாளரின் கண்ணெதிரே நின்ற காசாளருக்குப் பதிலாக, அவர் காணமுடியாத தொலைவில் ஒருவர் அமர்த்தப்பட்டார் என்பதன்றி வேறென்ன நடந்தது?

வட இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் 2023 இல் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றிலிருந்து செல்ஃப் செக்-அவுட் இயந்திரங்களை அகற்ற முடிவெடுத்தது. இயந்திரங்கள் இல்லாவிட்டால் வணிகம் அழிந்துவிடும் என்ற அச்சுறுத்தலுக்கு ஒரு வணிகரே தந்த விடை அது.

கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரம் 2025 இல் மூன்று செல்ஃப் செக்-அவுட் இயந்திரங்களுக்கு ஓர் ஊழியராவது இருக்கவேண்டும் என்று சட்டமியற்றியது. உடனே அங்குச் சில கடைகள் ஆளை நியமிப்பதற்குப் பதிலாக இயந்திரப் பகுதியையே மூடின; வரிசை நீண்டபோது பழி சட்டத்தின்மேல் விழுந்தது. ஆளற்றுக் கிடந்த கல்லாக்களில் காசாளர்களை மீண்டும் அமர்த்துவதை அச்சட்டத்தின் எந்தப் பிரிவு தடுத்தது என்பதை அக்கடைகளை நடத்துவோர் சொல்லட்டும்.