வெளிவாசலும் உள்வாசலும்



1984 மார்கழியில் இக்கொக்கிளாய் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 2009இல் போர் முடிந்த பின்னரே மீண்டனர். தமிழராயிருந்ததே அவர்கள் செய்த குற்றம். ஆகவே பாகுபாடென்றால் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1955இல் அமெரிக்காவின் மொன்ற்கொமறி நகரிலே, வெள்ளையருக்கு பஸ் ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண் கைதானதைக் கேட்டால் நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கட்டும்.

ஆனால் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததென்ன? உள்ளே போக வந்தவரும் தமிழர், சைவர். சாதி சொல்லி மறித்தவரும் தமிழர், சைவர். அவ்வாறு மறிப்பது குற்றமென 1957இலேயே சட்டம் வந்திருந்தது. மறித்தோருக்குத் தலைமை தாங்கியவர் வவுனியாத் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராயிருந்தவர்! படிப்பு மட்டும் போதாதென்பது அங்கே தெரிந்தது.

பெண்கள் விடயமும் இப்படித்தான். சுவிற்சர்லாந்துப் பெண்கள் நாட்டுத் தேர்தலில் வாக்குரிமை பெற்றது 1971இல். நம் பெண்கள் 1931இலேயே பெற்றுவிட்டனர். பெருமைதான். ஆயினும் தேசவழமையின்படி, மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். போரிலே கணவன் காணாமற்போனவள் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.