இரைப்பையில் பாலிப்: ஓர் இன்ஜினீயர் கற்ற பாடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் இன்று வயிற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க! மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்ல வரவில்லை. இந்தக் கதையில் குற்றவாளி நான்தான்.

வேலைக்குச் சேர்ந்ததும் நைட் ஷிப்ட், நேரங்கெட்ட சாப்பாடு, நெஞ்செரிச்சல். மெடிக்கல் ஷாப்பில் "கேஸ் மாத்திரை" என்று கேட்டால் ஒரு அட்டை கொடுத்துவிடுவார்கள். அது பான்டோப்ரசோல். ஏழு வருடம், பல் தேய்த்ததும் ஒன்று. சென்ற ஆண்டு எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையில் மூன்று சிறு பாலிப்கள் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. பயாப்ஸி முடிவுக்கு ஐந்து நாள் காத்திருந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் பக்கத்தில் தூங்குவாள். எனக்குத் தூக்கம் வராது.

கடைசியில் பயமில்லை என்று முடிவு வந்தது. டாக்டர் ஒன்றுதான் கேட்டார்: "இந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது?" என்னிடம் பதில் இல்லை.

பாலிப் என்பது இரைப்பையின் உட்சுவரில் மரு போல எழும்பும் வளர்ச்சி. பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. வேறெதற்கோ உள்ளே பார்க்கும்போதுதான் தென்படும். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட சுமார் 1,20,000 பேரில் 6 சதவீதத்துக்குச் சற்று அதிகமானவர்களுக்குப் பாலிப் இருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலையில் புகாரோடு திரும்பி வந்த சரக்கை மட்டும் எண்ணிப் பார்த்து, மொத்த உற்பத்தியிலும் இத்தனை பழுது என்று சொல்வோமா? அதுபோல, இது வயிற்றுத் தொந்தரவோடு வந்தவர்களின் கணக்கு. ஊர் முழுவதற்குமான கணக்கல்ல.

அந்தப் பாலிப்களில் சுமார் 77 சதவீதம் 'ஃபண்டிக் கிளாண்ட்' வகை. எனக்கு வந்ததும் அதுதான். ஆசிட் குறைக்கும் இந்த மாத்திரைகளை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடுபவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: ஆசிட் குறைந்தால் உடம்பு கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது, சுரப்பிகள் பருக்கின்றன. இந்த வகை புற்றுநோயாவது மிக அபூர்வம். குடும்ப வழியாகக் குடலில் ஏராளமான பாலிப்கள் வரும் நோய் உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குத் தனிக் கண்காணிப்பு தேவை.

அடுத்தது 'ஹைப்பர்பிளாஸ்டிக்' வகை, சுமார் 17 சதவீதம். இதற்குத் துணைபோவது இரைப்பையின் நாள்பட்ட அழற்சி. அதற்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் நாட்டைப் போல இக்கிருமி பரவலாக உள்ள இடங்களில் இந்த வகையின் பங்கு கூடும். கிருமியை ஒழித்தால் பல சமயம் பாலிப்பே சுருங்கி மறைந்துவிடும். 1 சதவீதத்துக்கும் குறைவான 'அடினோமா' வகைக்குத்தான் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதிகம். அதை அகற்றிவிட வேண்டும். கண்ணால் பார்த்து மட்டும் வகை சொல்ல முடியாது. அதனால்தான் பயாப்ஸி.

நண்பர்களே, ஒரு மெஷினில் அலாரம் அடித்தால் ஒயரைப் பிடுங்கிப் போட மாட்டோம், காரணத்தைத் தேடுவோம். என் வயிறு அடித்த அலாரத்தை ஏழு வருடம் மாத்திரையால் அமுக்கி வைத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அதற்காக, டாக்டர் சொல்லிச் சாப்பிடுபவர்கள் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடவும் வேண்டாம். அல்சர் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை காவல். மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

முக்கியமாக, வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்த ஐந்து நாள் நான் தனியாகச் சுமந்திருக்க வேண்டியதில்லை.