பத்து சேர்ந்தா ஜோடி: சீட்டுக்கட்டும் ஒண்ணாங்கிளாஸ் கணக்கும்

இந்த வாரம் கோடும் இல்ல, கரியரும் இல்ல. சீட்டுக்கட்டு.

எங்க அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு. ஒண்ணாங்கிளாஸ். ரெண்டு தெரு தள்ளித்தான் அவங்க வீடு, அதனால சாயங்காலம் ஆனா இங்கதான் இருப்பா. ஒரு நாள் ஹோம்வொர்க் நோட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு சொன்னா, "மாமா, எனக்குக் கணக்கு வராது." அழுதெல்லாம் சொல்லல. பாவக்காய் பிடிக்காதுன்னு சொல்ற மாதிரி, ரொம்ப சாதாரணமா. அதுதான் எனக்குத் திக்குனு இருந்தது. ஆறு வயசுல முடிவே பண்ணிட்டா.

பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். எட்டையும் அஞ்சையும் கூட்டணும். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி எட்டு விரல் நீட்டுறா. அடுத்து அஞ்சு நீட்ட விரல் பத்தல. மறுபடியும் முதல்ல இருந்து. எட்டை அப்படியே மனசுல வெச்சுக்கிட்டு ஒன்பது, பத்துன்னு மேல போகலாம்ங்கிறது அவளுக்கு இன்னும் பிடிபடல.

இந்த மாதிரி நேரத்துல நம்ம ஆளுங்க என்ன பண்ணுவோம்? ஆப் எழுதுவோம். நானும் எழுதினேன். ஒரு கூட்டல், நாலு விடை, மேல பத்து செகண்ட் டைமர். ரெண்டு நாள்ல அவ கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: கணக்கைப் படிக்காமலே நாலு பட்டனையும் தட்டினா ஏதோ ஒண்ணு பச்சை ஆகும். எங்க டெஸ்டிங் டீம்கூட என் கோடுல இவ்வளவு சீக்கிரம் ஓட்டை கண்டுபிடிச்சதில்ல.

அப்புறம்தான் கடையில ஒரு சீட்டுக்கட்டு வாங்கிட்டு வந்தேன். அம்மா வாசல்லயே நிறுத்திட்டாங்க. "இதை வீட்டுக்குள்ள கொண்டு வராத."

அம்மாவோட அப்பா மங்காத்தா ஆடினவர். நமக்கு மங்காத்தான்னா அஜித் படம். அம்மாவுக்கு அது அடகுக்குப் போய்த் திரும்பி வராத பாட்டியோட வளையல். காசு கட்டின சீட்டு உள்ளே விழுதா, வெளியே விழுதா, அவ்வளவுதான் ஆட்டம். யோசிக்க அதுல எதுவுமே கிடையாது. நான் ஆடப்போறது வேற ஆட்டம்னு விளக்கிப் பார்த்தேன், எடுபடல. காசு கிடையாது, புளியங்கொட்டைகூட வெச்சு ஆட மாட்டோம்னு சத்தியம் பண்ணின பிறகுதான் ஹால்ல உட்கார விட்டாங்க.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ராஜா, ராணி, ஜாக்கி, ஜோக்கர் எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஏஸ்தான் ஒண்ணு. மிச்சம் 40 சீட்டு. சீட்டுல எட்டுன்னு எழுதியும் இருக்கும், எட்டு ஹார்ட்டும் வரைஞ்சிருக்கும். சந்தேகம் வந்தா குழந்தை தொட்டு எண்ணிக்கலாம், வேண்டாம்னா விட்டுடலாம். என்னைக்கு எண்ணுறதை விடுறான்னு நமக்கே தெரிஞ்சிடும்.

ஆளுக்குப் பாதி சீட்டு. ஆளுக்கு ஒண்ணு திருப்பணும், பெரிய நம்பர் வெச்சவங்க ரெண்டையும் எடுத்துக்கலாம். நாலு வயசுக்கு இதுவே போதும். ஆறு வயசுக்கு போர் அடிக்கும், அதனால ரெண்டு ரெண்டா திருப்பிக் கூட்டிப் பார்க்கணும். ஜெனீவாவுல பியாஜேகிட்ட படிச்ச கான்ஸ்டன்ஸ் கமீ, அமெரிக்காவில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த மாதிரி ஆட்டங்கள் ஆடவெச்சு, 1985-ல் அதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினாங்க. கூட்டலை வெளியில இருந்து ஏத்த முடியாது, குழந்தை தானே கண்டுபிடிக்கணும்ங்கிறது அவங்க கட்சி. எனக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் தெரிஞ்சது.

முதல் நாளே மாட்டிக்கிட்டேன். அவளுக்கு எட்டும் அஞ்சும் வந்தது. எனக்கு ஒன்பதும் மூணும். வாய் சும்மா இருக்காம, "சொல்லு, எட்டும் அஞ்சும் எவ்வளவு?"ன்னு கேட்டேன். சீட்டைக் கீழ வெச்சுட்டா. "இதுவும் ஹோம்வொர்க்கா?"

அதோட கேட்கிறதை விட்டேன். என் சீட்டை மட்டும் சத்தமா எண்ணிக்கிட்டேன். "ஒன்பது... பத்து, பதினொண்ணு, பன்னெண்டு." அவளோடதை அவ பார்த்துக்கட்டும். தப்பா சொன்னாலும் திருத்தல. ஜெயிச்ச சீட்டை நான் எடுக்கப் போனா, அவளே கையைப் பிடிச்சு மறுபடி எண்ணுவா. யாரோ கேட்கிறாங்கன்னு இல்ல, அவ சீட்டு போயிடும்னு. நாலஞ்சு நாள் கழிச்சு எட்டை விட்டுட்டு அஞ்சை மட்டும் தொட்டு, "ஒன்பது, பத்து..."ன்னு போனா. நான் மூச்சுகூட விடல.

இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. கீதா ரமணி, ராபர்ட் சீக்ளர்னு ரெண்டு பேர் 2008-ல் வெளியிட்டது. சீட்டு இல்ல, 1 முதல் 10 வரைக்கும் கட்டம் போட்ட ஒரு பலகை. மூணாம் கட்டத்துல இருந்து ரெண்டு நகர்ந்தா "ஒண்ணு, ரெண்டு" கிடையாது, "நாலு, அஞ்சு"ன்னு கட்டத்தோட நம்பரைச் சொல்லித்தான் நகரணும். ரெண்டு வாரத்துல நாலு தடவை, தடவைக்கு 15 நிமிஷம். ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு எண்கள் மேல பிடிமானம் நல்லா கூடியிருந்தது. நம்பருக்குப் பதில் கலர் இருந்த பலகையில ஆடினவங்களுக்கு அது நடக்கல.

நடுவுல திருட்டுத்தனமும் உண்டு. பத்தாம் நம்பரையெல்லாம் தொடைக்கு அடியில ஒளிச்சு வெப்பா. ஏமாத்தவும் எது பெருசுன்னு தெரியணுமே, விட்டுட்டேன்.

இப்போ எங்க வீட்டு ஃபேவரிட் 'பத்து ஜோடி'. பத்தாம் நம்பரையும் எடுத்துட்டா 36 சீட்டு. அதுல ஒண்ணை யாரும் பார்க்காம ஒரு தட்டுக்கு அடியில வெச்சுடணும். மிச்சத்தைப் பங்கு போட்டு, பத்து சேர்ற ஜோடியை எல்லாம் கீழ இறக்கணும். ஏழும் மூணும், ஆறும் நாலும், அஞ்சும் அஞ்சும். அப்புறம் வரிசையா பக்கத்து ஆள் கையில இருந்து பார்க்காம ஒண்ணு உருவணும். கடைசியில ஒருத்தர் கையில ஒரே ஒரு சீட்டு ஜோடி இல்லாம நிக்கும். அவங்கதான் கழுதை.

ரெண்டு பேர் ஆடினா இதுல சுவாரசியம் இல்ல, மூணாவது கை வேணும். அக்கா ஆபீஸ்ல. பேத்தி போய் இழுத்ததுல அம்மா வந்து உட்கார்ந்தாங்க, ஒரு ஆட்டம்தான்னு சொல்லிட்டு.

இன்னும் எல்லாம் சரியாகிடல. இப்போ "கழித்தல் வராது"ங்கிறா. ஆனா அன்னைக்கு என் கையில நாலு மிஞ்சினதும், தட்டைத் தூக்குறதுக்கு முன்னாடியே கத்தினா, "அடியில ஆறு!"

ஆறுதான்.

"எனக்கு அப்பவே தெரியும்," அம்மா சீட்டை அடுக்கிக்கிட்டே சொன்னாங்க. "ஆறு மூணுதானே இறங்குச்சு."

"இதெல்லாம் எப்பம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பா திண்ணையில ஆடும்போது காபி கொண்டுபோய்க் கொடுத்தது யாருன்னு நெனச்ச? சரி, கலைச்சுப் போடு."