மலையகத்தில் ஒருங்கிணைந்த மகப்பேற்று மருத்துவம்: ஒரு மதிப்பீடு

ஒருங்கிணைந்த மருத்துவம் என்பது நவீன மருத்துவத்தை அடித்தளமாக வைத்துக்கொண்டு, சித்தம், ஆயுர்வேதம் முதலிய மரபு மருத்துவங்களிலும் வீட்டுப் பழக்கங்களிலும் பயனும் பாதுகாப்பும் உறுதிப்பட்டவற்றை அதனோடு சேர்த்து நோயாளியைப் பராமரிக்கும் முறையாகும். பெண்நோயியல், மகப்பேற்று நிபுணர் ஒருவர் இம்முறையைத் தம் தொழில்வாழ்வாகக் கொள்ளும்போது, எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும், எந்த நேரத்தில் எதற்கும் காத்திராமல் பெண்ணை வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் எனப் பிரித்தறியும் திறனே அவரிடம் முதலில் எதிர்பார்க்கப்படுகிறது. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இத்திறனின் தேவையையும் எல்லையையும் இவ்வுரை மதிப்பிடுகிறது.

தமிழுலகில் இரு மருத்துவ மரபுகளும் சந்தித்த வரலாறு நீண்டது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றுவித்ததோடு, மோன்செலின் மகப்பேற்று நூலையும் 1857இல் தமிழில் வெளிவரச் செய்தார். சென்னையில் 1920களில் தொடங்கப்பட்டு, கேப்டன் சீனிவாசமூர்த்தியை முதல் தலைவராகக் கொண்ட இந்திய மருத்துவப் பள்ளி, சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு மேலை மருத்துவத்தையும் கற்பித்தது; ஆனால் அந்நிறுவனம் 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறி, நவீன மருத்துவத்தை மட்டுமே கற்பிக்கலாயிற்று. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி உள்ளிட்ட மரபு மருத்துவங்களுக்குத் தனி நிர்வாகத்தை ஏற்படுத்தியது. இதனால் இரு துறையினரும் தனித்தனியே பதிவுபெற்று, தனித்தனியே பயின்று வருகின்றனர். இரண்டும் ஒன்றுசேரும் இடமோ நோயாளியின் உடலாகவே இருக்கிறது.

தோட்டப்புறத்தில் இந்நிலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1872இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் தொடர்ச்சியாகத் தோட்டங்களில் டிஸ்பென்சரிகளும் மருத்துவ உதவியாளர்களும் படிப்படியாக வந்தபோதும், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில் பிள்ளைப்பேறு பார்த்து, பிரசவித்தவளுக்குப் பத்தியம் வகுத்து, வயிற்றுக்குத் துணி கட்டி, மருந்துக் குழம்பு வைத்துக் கொடுத்தவர்கள், தென்னிந்தியக் கிராமங்களின் பழக்கங்களைக் கையோடு கொண்டுவந்த மருத்துவிச்சிகளும் மூத்த பெண்களுமே. இன்று பிரசவங்கள் வைத்தியசாலைக்கு மாறிவிட்டாலும், தாய் வீடு திரும்பிய மறுநாளே அப்பழைய மருத்துவம் மீண்டும் தொடங்குகிறது. அதை முழுவதும் மறுக்கும் மருத்துவரிடம் பெண்கள் அதைச் சொல்லாமல் மறைப்பர். மறைக்கப்பட்ட மருந்தே மிக ஆபத்தானது.

தொடர வேண்டியவை பல. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வரும் மசக்கைக் குமட்டலுக்கு இஞ்சியைப் பரிந்துரைக்கலாம் என உலக சுகாதார நிறுவனமே 2016ஆம் ஆண்டு வழிகாட்டலில் ஏற்றுக்கொண்டுள்ளது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தம் வெளிறும் சோகை நோய்க்குச் சித்த மருத்துவர்கள் அன்னபேதியிலிருந்து செந்தூரம் செய்தனர். அன்னபேதி என்பது, நவீன இரும்பு மாத்திரைகள் பலவற்றில் உள்ள பெரஸ் சல்பேட் என்னும் உப்பேயாகும். இரு மரபும் ஒரே பொருளில் வந்து நிற்கும் இவ்விடத்தில், அளவு சரியாகக் கணிக்கப்பட்ட மாத்திரையைத் தேர்வதும், அதைச் சாப்பாட்டோடு வரும் பிளேன்டீ, அதாவது பால் சேராத தேநீரோடு விழுங்காமல், நெல்லிக்காய் அல்லது தேசிக்காய்ச் சாற்றோடு எடுக்கச் சொல்வதும் மலையக மருத்துவரின் கடமை. ஏனெனில், தேயிலையிலுள்ள டானின் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்க, நெல்லியிலும் தேசிக்காயிலும் உள்ள உயிர்ச்சத்து சி அந்த உறிஞ்சலுக்குத் துணைசெய்கிறது. பிரசவத்துக்குப் பின் தாயை வேலையிலிருந்து விலக்கி ஓய்வில் வைக்கும் மரபும் போற்றத்தக்கதே. செங்குத்தான சரிவில் கொழுந்துக் கூடையைச் சுமந்து நிற்கும் பெண்களுக்கு, கருப்பை தன் நிலையிலிருந்து கீழே சரியும் கருப்பை இறக்கத்தைத் தவிர்ப்பதில், அந்த ஓய்வும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும் பயன்தர வல்லவை.

நிறுத்த வேண்டியவற்றைப் பற்றி மருத்துவர் தயங்காமல் பேச வேண்டும். முதலில் சுரக்கும் சீம்பாலைக் கறந்து கொட்டுவது, குழந்தைக்குக் கிடைக்கும் முதல் நோயெதிர்ப்பைப் பறிக்கிறது. தொப்புள்கொடியில் சாம்பல் பூசுவது கிருமித்தொற்றுக்கு வழிவிடுகிறது. பத்தியத்தின் பெயரால் கீரையையும் பழத்தையும் விலக்குவது சோகையை வளர்க்கிறது. மாதவிடாயை வரவழைக்கவும் பிரசவத்துக்கும் மரபில் வழங்கிய ஈச்சுரமூலியில் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் தோற்றுவிக்கும் அமிலம் உள்ளது. பாதரசமோ ஈயமோ சேர்ந்த மருந்துகள் கருவிலுள்ள சிசுவின் மூளையைத் தாக்கக்கூடும். மரபு என்பதற்காக இவற்றுக்கு விலக்களிக்க இயலாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேற்றுக்குப் பின் நிற்காத குருதிப்பெருக்கு, வலிப்பு, கடுங்காய்ச்சல் ஆகியவற்றின் முன் இணைப்புக்கு இடமே இல்லை. கருப்பையைச் சுருங்கச் செய்து இரத்தத்தை நிறுத்தும் ஒக்சிடோசின் ஊசியும், இரத்த வங்கியும், அறுவைக்கூடமுமே அப்போது உயிரைக் காக்கும். 1930களின் நடுப்பகுதியில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2000ஐத் தாண்டியிருந்த இலங்கையின் தாய் மரணம் இன்று ஏறத்தாழ 30 என்ற அளவுக்கு இறங்கியதற்கு, இச்சிகிச்சைகளும் வீடுவீடாகச் சென்ற குடும்ப சுகாதார மருத்துவிச்சிகளின் உழைப்பும் முதன்மைக் காரணங்களுள் அடங்கும். இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதத்தில் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை, இச்சேவையைத் தோட்டங்களின் அருகே கொண்டுவந்த அண்மைய முயற்சியாகும்; எனினும், மேட்டு லயத்திலிருந்து தார்வீதிவரை உள்ள தூரத்தையும் மருத்துவர் தம் சிகிச்சைத் திட்டத்தில் கணக்கிட வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஒருங்கிணைந்த மகப்பேற்று மருத்துவத்தின் மதிப்பு, அதைக் கையாளும் மருத்துவரின் நவீனக் கல்வி எவ்வளவு உறுதியானது, பெண்கள் சொல்வதைக் கேட்கும் அவரது பொறுமை எவ்வளவு ஆழமானது என்னும் இரண்டையும் பொறுத்தது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அம்முறை பயன்தராது. இரண்டும் அமைந்த மருத்துவரே மலையகத்துக்கு இன்று தேவை. கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மாரும் அவர்தம் குடும்பத்தினரும், வீட்டில் அருந்தும் கஷாயம், லேகியம், செந்தூரம் எதுவாயினும் அதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்வார்களாக. அதைக் கேட்கும் மருத்துவரும் தாதியும் கடிந்துகொள்ளாமல் விசாரிப்பார்களாக.