பரிசு வைத்தால் மருந்து வருமா?

லுணுகலையிலிருந்து மடுல்சீமைப் பக்கம் போனால் இன்று தேயிலை மலைதான். 1869இல் அங்கே கோப்பி. அந்த வருடம் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும். பிறகு இலை கொட்டும், செடி மொட்டையாகும். இருபது வருடத்துக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது.

அதே காலத்தில் பிரான்சில் ஒரு சிறு பூச்சி திராட்சைக் கொடியின் வேரை அழித்துக்கொண்டிருந்தது. மருந்து கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்றது அரசாங்கம். 1874இல் தொகை 3,00,000 பிராங்க். யோசனைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன, பணம் ஒருவருக்கும் போகவில்லை. கொடிகளைக் காப்பாற்றியது அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டும் முறை. அமெரிக்கக் கொடி பூச்சியைத் தாங்கும் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவரான லாலிமான் பரிசைக் கேட்டார். வராமல் தடுத்தீர், குணப்படுத்தவில்லையே என்று கைவிரித்துவிட்டார்கள்!

இலங்கையில் பரிசு இல்லை, சம்பளம். 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் இரண்டு வருட வேலைக்கு வந்தார். கண்ணாடித் துண்டுகளை வெளியில் வைத்து, காற்றில் வந்து ஒட்டும் தூளைப் பிடித்தார். நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம், அதைச் சுமப்பது காற்று, மலைமலையாக ஒரே பயிரை நட்டது அதற்கு வசதி என்று காட்டினார். துரைமார் கேட்டது மருந்து, கிடைத்தது விளக்கம். போட்டியாக இருந்திருந்தால் வார்டுக்கு ஒரு சதமும் கிடைத்திராது. ஆனால் தாவர நோயியலின் முன்னோடிகளில் ஒருவராக இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

மூன்றாவது வழியும் உண்டு. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தபோது, ஏற்றுமதியாகும் தேயிலைமீது செஸ் வரி போட்டுச் செலவைப் பார்த்தார்கள். அந்தக் காசு யார் பறித்த கொழுந்திலிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த ஒரு குட்டிக் குளவியை வைத்து, கொழுந்தைச் சுருட்டும் புழுவை அடக்கியது அந்த நிலையத்தின் வேலை.

அதற்காகப் பரிசே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. தேவை என்ன என்று தெளிவாகத் தெரிந்த இடத்தில் பரிசு நல்லது. பட்டம் இல்லாதவரும் உள்ளே வரலாம். நெற்றியில் கயிறு அழுத்தக் கொழுந்துக் கூடை சுமக்கிறார்களே, அதற்கு மாற்று ஒன்றுக்குப் பரிசு வைக்கட்டும். பசறையிலோ லுணுகலையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவே செய்து காட்டுவார். ஆனால் மாதிரி செய்யும் நாட்களுக்கு அவருடைய பேரை யார் போடுவது, அதாவது நாட்சம்பளத்தை யார் கொடுப்பது? அந்தச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போட்டியை அறிவியுங்கள்.