நோன்பும் இனிப்பு நீரும் கைத்தொலைபேசியும்

(பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)





நாங்கள் ராசாவில் மளிகைக் கடை நடத்துகிறோம். எங்கள் படிப்பு பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு நின்றது, மருத்துவம் படிக்கவில்லை. ஆனாலும் இனிப்பு நீரைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு காரணம் உண்டு.

ஒரு ரமலானில், அஸர் தொழுகைக்குப் பிறகு, கல்லாவில் உட்கார்ந்திருந்த எங்கள் அத்தாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. சீனித் தண்ணீர் கொடுத்து நோன்பை விடவைத்த பிறகே தெளிந்தார். இரத்தம் பார்க்கும் கருவி அன்று முழுதும் கல்லாப் பெட்டிக்குள் கிடந்தது. "குத்தினால் நோன்பு முறிந்துவிடுமோ என்று பார்க்கவில்லை" என்றார். காலையிலிருந்து பக்கத்திலேயே நின்ற நாங்களும் கேட்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வின்படி, மலேசியாவில் அப்போது பெரியவர்களில் 5 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம் நாடு உட்பட 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 2001-இல் ஓர் ஆய்வு நடந்தது. வயது வந்தபின் வரும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு, சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது ரமலானில் 7 மடங்குக்கு மேல் கூடியதை அது காட்டியது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மோனாஷ் பல்கலைக்கழக மலேசியாவின் ஆய்வாளர்கள், நோன்பு நோற்ற 85 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. எல்லாருக்கும் நோன்புக்கால அறிவுரை கிடைத்தது. ஒரு பிரிவினர் மட்டும் கூடுதலாக, வீட்டிலேயே இரத்தம் பார்த்து அளவை இணையம் வழி அனுப்பினார்கள். அதைப் பார்த்து ஆலோசனை சொல்ல அங்கே ஆள் இருந்தார். அந்தப் பிரிவினருக்குச் சீனி இறங்கும் தொல்லை குறைவாக இருந்தது.

இதில் நாங்கள் கண்ட பாடம் ஒன்றுதான். கருவி அளவைக் காட்டும்; அதைப் பார்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும். 2020-இல் மைசெஜாத்ரா செயலி வந்தபோது, நம் முதியவர்கள் பலருக்கு அதைத் திறந்து கொடுத்தவர்கள் பேரப்பிள்ளைகள்தானே!

ஆகவே இளைஞர்களே, ரமலானுக்கு முன்பே வீட்டுப் பெரியவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நோன்பு வைக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். வேலைக்குப் போயிருந்தாலும், பகலில் பார்த்த அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 3.9-க்குக் கீழே இறங்கினாலோ 16.6-க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே விட வேண்டும் என்பது அனைத்துலக மருத்துவ வழிகாட்டி.

பெரியோர்களே, விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் சொல்கிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று மறைக்காதீர்கள்.

எங்கள் அத்தா இப்போது தினமும் அளவை அனுப்புகிறார். தாமதமானால் நாங்கள் அழைக்கிறோம். பொன்விழாக் காணும் நம் சங்கத்தில், ஒவ்வொரு வீட்டிலும் அப்படி அழைக்க ஒரு பிள்ளை இருக்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.